தள்ளிப்போட்ட கணக்கு: சிகாகோ பள்ளிகளின் நிதி நெருக்கடி

2025 ஆகஸ்ட் 28 அன்று சிகாகோ கல்வி வாரியத்தின் முன் இருந்த பெரிய கேள்வி, 20 கோடி டாலர் கடன் வாங்குவதா வேண்டாமா என்பது. அந்த நிதியாண்டில் 73 கோடியே 40 லட்சம் டாலர் துண்டு விழுந்திருந்தது. கடன் வாங்கியாவது சரிக்கட்ட வேண்டும் என்றார் மேயர் பிராண்டன் ஜான்சன். 21 இடங்கள் கொண்ட வாரியத்தில் 11 இடங்கள் அவர் நியமிப்பவை. ஆனாலும் கடன் இல்லாத பட்ஜெட் 12-க்கு 7 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதன் மொத்த மதிப்பு 1,025 கோடி டாலர்.

மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படிக்கும் இந்தப் பள்ளி அமைப்பு ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலர் செலவழிக்கிறது. அப்படியும் ஒவ்வொரு கோடைக்காலத்திலும் பணமில்லை என்று கையைப் பிசைகிறது. ஊதாரித்தனம் என்கிறார்கள் சிலர், ஆசிரியர் சங்கத்தின் பேராசை என்கிறார்கள் சிலர், மாநில அரசின் வஞ்சகம் என்கிறார்கள் இன்னும் சிலர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 45 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இன்றைய துண்டில் பெரும்பகுதி இன்றைய வகுப்பறையில் விழுந்ததல்ல. முந்தைய நிர்வாகங்கள் தங்கள் காலத்துக் கணக்கை நேர்செய்யக் கட்டாமல் விட்ட தொகை அது. இப்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது.

வீட்டு மதிப்பில் தொங்கும் பள்ளி

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது மாநில அரசோ ஒன்றிய அரசோ அல்ல. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் நடத்துகின்றன. பெயரில் மாவட்டம் என்று இருந்தாலும் அது நம்மூர் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. சொந்தமாக வரி விதிக்கவும், கடன்பத்திரம் வெளியிடவும், ஆசிரியர்களை நியமிக்கவும், வழக்காடவும் உரிமை பெற்ற தனி அரசு அமைப்பு அது. சென்னையில் வீட்டு வரி கட்டும் ஒருவருடைய தொகைக்குள்ளும் கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. நம் ஊரில் அது பெயரளவுக்கு. ஆசிரியர் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அந்த வீட்டு வரிதான் பள்ளியின் முதுகெலும்பு. நாடு முழுமைக்கும் பார்த்தால் பள்ளிப் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு உள்ளூரிலிருந்தும், ஏறக்குறைய அதே அளவு மாநிலத்திலிருந்தும் வருகின்றன. ஒன்றிய அரசின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான்.

இந்த முறையில் உள்ள அநீதியை எதிர்த்த ஒரு வழக்கில் 1973-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியில் வாழ்ந்த மெக்சிக வம்சாவளிப் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரின் வசதியான அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் கட்டியது. ஆனால் மாநில, ஒன்றிய உதவியெல்லாம் சேர்த்தும் எட்ஜ்வுட் பிள்ளைக்குக் கிடைத்தது 356 டாலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். அதிக வரி கட்டியவன் வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்த பணம். வீட்டு மதிப்பு குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கல்வி என்பது அரசமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமையல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் மனுவைத் தள்ளினார்கள். அந்த ஒரு வாக்கு வித்தியாசம் அமெரிக்கக் குழந்தைகளின் தலையெழுத்தை அரை நூற்றாண்டுக்கு எழுதிவிட்டது. அதன்பின் இந்தப் போராட்டம் மாநிலம் மாநிலமாகச் சிதறியது.

சிகாகோவின் வருவாயிலும் சொத்து வரியே பெரிய பங்கு. ஆனால் வாரியம் நினைத்தபடி அதை உயர்த்த முடியாது. ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு என்கிறது இல்லினாய் மாநிலச் சட்டம். இது போக, நகராட்சி ஒரு பகுதியை வளர்ச்சி மண்டலம் என்று அறிவித்தால் அங்குள்ள சொத்து மதிப்பு பள்ளிக் கணக்கில் 23 ஆண்டுகளுக்கு அப்படியே நிறுத்தி வைக்கப்படும். அதற்குமேல் வளரும் மதிப்பிலிருந்து வரும் வரி மேயரின் கையில் உள்ள தனி நிதிக்குப் போகும். டிஃப் என்று சிகாகோவாசிகள் சொல்லும் ஏற்பாடு இதுதான். அதில் மிச்சம் என்று நகராட்சி எப்போது அறிவிக்கிறதோ அப்போது பாதிக்குச் சற்று அதிகமான பங்கு பள்ளிக்குத் திரும்பும். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய பட்ஜெட் இந்த வழியில் 37 கோடியே 90 லட்சம் டாலர் வரும் என்று நம்பி எழுதப்பட்டது. தனக்குச் சேர வேண்டிய வரியை இன்னொருவர் தயவில் எதிர்பார்த்து ஒரு பள்ளி நிர்வாகம் பட்ஜெட் போட வேண்டியிருக்கிறது.

1979 முதல் 1995 வரை

முதல் பெரிய சரிவு 1979 நவம்பரில் வந்தது. பல ஆண்டுகளாகக் குறுகிய காலக் கடனை மறுகடன் வாங்கி அடைத்துவந்த வாரியத்தின் கடன் தரமதிப்பீட்டை மூடிஸ் நிறுவனம் குறைத்தது. புதிய கடன்பத்திரத்தை வாங்க ஆளில்லை. பள்ளிக் கண்காணிப்பாளர் ஜோசப் ஹானன் பதவி விலகினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. 1980-ல் மாநில அரசு பள்ளி நிதி ஆணையம் என்ற மேற்பார்வை அமைப்பை உருவாக்கி, அதன் பெயரில் கடன் எடுத்துச் சம்பளம் கொடுத்தது. கடனால் வந்த நோய்க்குக் கடனே மருந்தாயிற்று.

அப்போது எழுதப்பட்ட விதிதான் பட்ஜெட் ஆண்டுதோறும் சமநிலையில் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு. கேட்பதற்கு நல்ல விதி. ஆனால் பணம் போதாதபோது என்ன நடக்கும்? வகுப்பறையில் வெட்டினால் பெற்றோர் தெருவுக்கு வருவார்கள், வரியை உயர்த்தினால் வாக்காளர் கோபிப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் தள்ளிப்போடக்கூடியவை மூன்று உண்டு: ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய பங்கு, கட்டடப் பழுது, கடனின் அசல். சிகாகோ மூன்றையும் தள்ளிப்போட்டது.

இவற்றில் முதலாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1995 வரை ஆசிரியர் ஓய்வூதியத்துக்கென்று சிகாகோவில் தனியாக ஒரு சொத்து வரி வசூலானது. அது வாரியத்தின் கைக்கே வராமல் நேரே ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். 1995-ல் பள்ளிகளின் கட்டுப்பாட்டை மேயர் ரிச்சர்ட் எம். டேலியிடம் ஒப்படைத்த மாநிலச் சட்டம் அந்த வரியை வாரியத்தின் பொதுக் கணக்கோடு சேர்த்தது. ஓய்வூதிய நிதி 90 சதவீதத்துக்கு மேல் வலுவாக இருக்கும்வரை வாரியம் எதுவும் கட்ட வேண்டாம் என்றும் சொன்னது. பங்குச் சந்தை ஏறுமுகமாக இருந்த காலம் அது; நிதி நிரம்பித்தான் இருந்தது. பத்தாண்டுகள் வாரியம் ஏறக்குறைய ஒன்றுமே கட்டவில்லை. அந்தப் பணத்தில் புதிய பள்ளிகள் எழுந்தன, சம்பளம் உயர்ந்தது, பட்ஜெட் சமநிலை கண்டது. சிகாகோ அதிசயம் என்று நாடே பேசியது. தலைமை நிர்வாகி பால் வாலஸ் பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் பள்ளிகளைத் திருத்த அழைக்கப்பட்டார்.

பள்ளிகளுக்கு நன்மை எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நன்மைக்கான விலையை அப்போது யாரும் கொடுக்கவில்லை. 2008-ல் சந்தை சரிந்ததும் ஓய்வூதிய நிதியின் பலம் கரைந்தது. கட்டியே ஆக வேண்டிய அந்த நேரத்தில், 2010-ல், மாநிலச் சட்டமன்றம் வாரியத்துக்கு இன்னொரு மூன்றாண்டுச் சலுகையைக் கொடுத்தது. 90 சதவீத இலக்கை எட்ட வேண்டிய ஆண்டு 2059-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. சலுகை முடிந்ததும், ஆண்டுக்கு 20 கோடி டாலர் அளவில் இருந்த தவணை 2014 நிதியாண்டில் ஒரே தாவலில் 60 கோடியைத் தாண்டியது. இன்று அந்த நிதியில் இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. பற்றாக்குறை 1,300 கோடி டாலருக்கு மேல். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இதே நிதி முழுமையாக நிரம்பி இருந்தது.

ஓய்வூதியத்தைக் குறைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் 1970 அரசமைப்பு, உறுதி சொன்ன ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. 2015-ல் மாநில அரசின் சீர்திருத்தச் சட்டத்தையும் 2016-ல் நகராட்சியின் முயற்சியையும் மாநில உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையிலேயே ரத்துசெய்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். சிகாகோ ஆசிரியர்களுக்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் மாத வருமானம் கிடையாது. முதுமையில் அவர்களுக்கு இருப்பது இந்த ஓய்வூதியம் மட்டுமே. தங்கள் பங்கு அவர்கள் கணக்கில் தவறாமல் சேர்ந்துகொண்டிருந்தது. கட்டத் தவறியது வாரியம்.

இதில் இன்னொரு பாரபட்சமும் இருந்தது. சிகாகோ தவிர்த்த மற்ற இல்லினாய் மாவட்டங்களின் ஆசிரியர் ஓய்வூதியப் பொறுப்பைப் பெரும்பாலும் மாநில அரசே சுமக்கிறது. சிகாகோ மக்கள் மாநில வரியின் மூலம் மற்ற ஊர் ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்கும், சொத்து வரியின் மூலம் தங்கள் ஊர் ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்கும் கட்டினார்கள். 2017-ல்தான் இது ஓரளவு திருத்தப்பட்டது.

ஐம்பது பள்ளிகள்

2000-களின் தொடக்கத்தில் சிகாகோ அரசுப் பள்ளிகளில் 4.38 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 2025-ல் 3.16 லட்சம். கறுப்பின மக்கள் நகரைவிட்டு வெளியேறியது இதற்குப் பெரிய காரணம். 1980-ல் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த அவர்கள் தொகை 2020-ல் 8 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், கப்ரினி-கிரீன் போன்ற மாபெரும் அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்கள் புறநகருக்கும் தென்மாநிலங்களுக்கும் போயின. பிறப்பு விகிதம் குறைந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் புதிய சார்ட்டர் பள்ளிகளை நகரம் திறந்துகொண்டே இருந்தது. குறைந்துவரும் பிள்ளைகள் மேலும் பங்குபோட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறைய வேண்டியதுதானே என்று தோன்றும். 30 பேர் உள்ள வகுப்பிலிருந்து மூன்று பேர் போனால் அவர்களுக்கான வருமானம் போய்விடும். ஆனால் ஆசிரியர் ஒருவர்தான், அவரைப் பத்தில் ஒன்பது பங்காக்க முடியாது. கொதிகலன் அதே வெப்பத்தைத் தர வேண்டும், கூரை அதே அளவு ஒழுகும். முழு வகுப்பும் காலியானால்தான் ஒரு சம்பளம் மிச்சம், முழுப் பள்ளியும் காலியானால்தான் ஒரு கட்டடம் மிச்சம். அந்த நிலை வருவதற்குள் பல ஆண்டுகள் பணம் ஒழுகிப் போயிருக்கும்.

2013-ல் மேயர் ராம் இமானுவேல் இதற்குக் கண்ட தீர்வு, ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே நேரத்தில் மூடுவது. அமெரிக்க வரலாற்றில் ஒரே வீச்சில் இத்தனை பள்ளிகளை எந்த நகரமும் மூடியதில்லை. 100 கோடி டாலர் துண்டு என்பது அவர் சொன்ன காரணம். ஓய்வூதியச் சலுகை முடிந்து தவணை மூன்று மடங்கான அதே தருணம் அது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பள்ளி காலி என்பதை அறைக்கு 30 பிள்ளைகள் என்ற ஒரே அளவுகோல் முடிவுசெய்தது. மாற்றுத்திறன் குழந்தைகள் பத்துப் பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையும் அந்தக் கணக்கில் காலி அறை. சுமார் 12,000 குழந்தைகள் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். பெரும்பான்மையினர் கறுப்பினக் குழந்தைகள். புதிய பள்ளிக்குப் போகும் வழியில் ரவுடிக் கும்பல்களின் எல்லைகள் குறுக்கிட்டதால், பாதுகாப்பான பாதை என்ற பெயரில் பளிச்சென்ற மேலாடை அணிந்த பணியாளர்கள் தெருமுனைகளில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மிச்சமானது எவ்வளவு? பத்தாண்டுகளில் 50 கோடி டாலருக்கு மேல் என்று முதலில் சொன்ன நிர்வாகம், அந்த ஆண்டே அதைக் கீழே திருத்தியது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, மூடப்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் பின்தங்கியது, அதுவும் மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே சரிந்தது என்று காட்டியது. தெற்குப் பகுதியின் டயட் உயர்நிலைப் பள்ளியை மூடுவதற்கு எதிராக 2015-ல் பெற்றோரும் செயற்பாட்டாளர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அது கலைப் பள்ளியாகத் திறந்தது. 34 நாள் பட்டினி கிடந்துதான் தங்கள் தெருவில் ஒரு பள்ளி வேண்டும் என்பதை அவர்கள் சொல்ல முடிந்தது.

அந்தக் காயம் ஆறவில்லை. 2027 வரை பள்ளிகளை மூடத் தடை இருக்கிறது. அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேற்குப் பகுதி ஆஸ்டினில் உள்ள டக்ளஸ் அகாடமி உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் 900-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கலாம். 2024-25-ல் அங்கே 28 பேர் இருந்தார்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 93,000 டாலர் செலவு என்று புரோபப்ளிக்கா, சாக்பீட் ஆகிய செய்தி நிறுவனங்கள் நடத்திய விசாரணை கணக்கிட்டது. இவ்வளவு செலவழித்தும் அந்த 28 பேருக்கு ஒரு முழுமையான உயர்நிலைப் பள்ளிக்குரிய பாடத் தேர்வுகளோ விளையாட்டு அணிகளோ கிடைப்பதில்லை. இதை அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2013-ல் முரட்டுத்தனமாகச் செய்த ஒன்றை இனி யாரும் பேசவே கூடாது என்று ஒதுக்கிவைப்பதும் தள்ளிப்போடுதலின் இன்னொரு வடிவம்தான்.

வட்டி

2003 முதல் 2007 வரை வாரியம் 100 கோடி டாலர் அளவுக்கு ஏலவட்டிக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. வட்டி விகிதம் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை ஏலத்தில் முடிவாகும். வட்டி ஏறினால் சமாளிக்க, வங்கிகளோடு வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களும் போட்டுக்கொண்டது. 2008-ல் அந்த ஏலச் சந்தையே உறைந்தது. சாதாரண நிலைவட்டிக் கடன் எடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட 10 கோடி டாலர் அதிகம் போகும் என்று சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 2014-ல் கணக்கிட்டது.

2016 பிப்ரவரியில் நிலைமை இன்னும் மோசம். மாநிலத்தில் ஆளுநர் புரூஸ் ரவுனருக்கும் சட்டமன்றத்துக்கும் மோதல். மாநில பட்ஜெட்டே இல்லை. பள்ளி வாரியத்தின் தரமதிப்பீடு முதலீட்டுக்குத் தகுதியற்றது என்ற மட்டத்துக்கு விழுந்திருந்தது. அந்த நிலையில் 72 கோடியே 50 லட்சம் டாலர் கடனை 8.5 சதவீத வட்டிக்கு எடுத்தார்கள், 2044-ல் முதிர்வடையும் பத்திரங்களாக. நல்ல பெயருள்ள அமைப்புகள் அப்போது அதில் பாதிக்கும் குறைவான வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டும்வரை அந்தக் கடனின் நிழல் நீளும். 2016 டிசம்பரில், ஓய்வூதியத்துக்கு மாநிலம் தரவிருந்த 21 கோடியே 50 லட்சம் டாலருக்கான மசோதாவுக்கு ரவுனர் ஒப்புதல் மறுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 20-ல் முடிய வேண்டிய பள்ளி ஆண்டை ஜூன் 1-லேயே முடிக்க வேண்டிவரும் என்று நிர்வாகம் எச்சரித்தது. கடைசியில் ஜே.பி. மோர்கன் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கிப் பள்ளிகள் நடந்தன.

நடுவே ஊழலும் நடந்தது. தலைமை நிர்வாகி பார்பரா பைர்ட்-பென்னட், தான் முன்பு வேலைபார்த்த நிறுவனத்துக்கு ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வேலையைக் கொடுத்ததற்காக 2015-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பின்னர் சிறைக்குப் போனார். மக்களின் நம்பிக்கையை உடைத்த வகையில் அதன் சேதம் பெரிது. பள்ளிகளின் துண்டு அதனால் விழுந்தது என்று சொன்னால் அது கணக்குக்கு ஒத்துவராது.

வேறு ஊர்களிலும் இதே வழக்கத்தைக் காணலாம். கலிஃபோர்னியாவின் பவே பள்ளி மாவட்டம் 2011-ல் 10 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கியது. பல ஆண்டுகளுக்கு ஒரு சென்ட் கட்டத் தேவையில்லை என்ற ஏற்பாடு. கடைசியில் கட்ட வேண்டியது 98 கோடி டாலருக்கு மேல். செய்தி வெளியானபின் அம்மாநிலம் 2013-ல் சட்டம் போட்டு, மொத்தத் திருப்பிச்செலுத்தல் அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றது.

டெட்ராய்ட்டின் கதை இதைவிடத் துயரமானது. 1960-களில் ஏறக்குறைய மூன்று லட்சம் பிள்ளைகள் படித்த மாவட்டம், 2016-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்தது. 2009 முதல் மாநிலம் நியமித்த அவசரகால மேலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்; மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. கடனை அடைக்க வந்தவர்கள் காலத்திலேயே கடன் வளர்ந்தது. 2016 ஜனவரியில் ஆசிரியர்கள் கூட்டாக உடல்நல விடுப்பு எடுத்து ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடவைத்தார்கள். ஸ்பெயின் தொடக்க-நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தை அப்போதுதான் நாடு படத்தில் பார்த்தது: நீர் கசிந்து அலையலையாக எழும்பி நிற்கும் மரத் தரை, சுவரில் பூஞ்சை. பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடுதல் என்று பட்ஜெட் ஆவணத்தில் ஒரே வரியில் வருவது இதுதான். அந்த ஆண்டு மாநில அரசு 61 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தது. பழையது கடனை அடைக்க மட்டும், புதியது பள்ளி நடத்த மட்டும். அதன்பின் டெட்ராய்ட் ஆண்டுதோறும் கணக்கைச் சமாளித்துவருகிறது. பழைய கடனையும் இன்றைய வகுப்பறையையும் பிரித்துவைத்தால் பள்ளி பிழைக்கும் என்பதற்கு இது கண்முன் உள்ள சாட்சி. சிகாகோவைப் பற்றிப் பேசுவோர் இதை இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

2017-க்குப் பின்

2017 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம் தன் பள்ளி நிதிச் சட்டத்தை மாற்றி எழுதியது. ஒரு மாவட்டத்துக்கு நல்ல கல்வி தர எவ்வளவு தேவை என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து அதிகம் பின்தங்கியிருக்கும் மாவட்டத்துக்கு முதலில் புதிய பணம் தருவது புதிய முறை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் போட்ட பள்ளி நிதிச் சட்டங்களில் மிக நேர்மையானவற்றுள் ஒன்று என்றே இதைச் சொல்வேன். ஆசிரியர் ஓய்வூதியத்தில் அந்தந்த ஆண்டுச் செலவையும் மாநிலம் ஏற்றது. 1995-ல் போன ஓய்வூதியத்துக்கான தனிச் சொத்து வரியும் அதற்கு முந்தைய ஆண்டே திரும்ப வந்திருந்தது. ஆனால் சட்டம் காட்டிய தேவையை எட்டும் வேகத்தில் மாநிலம் பணம் போடவில்லை. அந்தச் சூத்திரத்தின்படியே சிகாகோவுக்கு இன்னும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் குறைகிறது.

பிறகு பெருந்தொற்று வந்தது. ஒன்றிய அரசு நாடெங்கும் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் கொடுத்தது. சிகாகோவுக்கு வந்தது 280 கோடி. அதைக் கொண்டு செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், சிறப்புக் கல்வி உதவியாளர்கள், வாசிப்புப் பயிற்சியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோரை நியமித்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர் என்பது 2019-ல் 11 பள்ளி நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆசிரியர் சங்கம் வைத்த கோரிக்கை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2024 செப்டம்பரோடு நிற்கப்போகிற பணத்தில் நிலையான வேலைகளை உருவாக்கியபோதே, அடுத்து அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

பணம் நின்ற உடனே அரசியல் வெடித்தது. 2024-ல் மேயர் ஜான்சன் 30 கோடி டாலர் கடன் வாங்கச் சொன்னார். தலைமை நிர்வாகி பெட்ரோ மார்ட்டினெஸ் மறுத்தார். அக்டோபரில், அப்போது ஏழு பேர் மட்டுமே கொண்டிருந்த வாரியம் மொத்தமாக விலகியது. டிசம்பரில் புதிய வாரியம் மார்ட்டினெஸை நீக்கியது. கடனுக்கு ஒரு காரணம், நகராட்சி ஓய்வூதிய நிதிக்குப் பள்ளி தர வேண்டும் என்று மேயர் கேட்ட 17 கோடியே 50 லட்சம் டாலர். சட்டப்படி அந்த நிதி நகராட்சியின் பொறுப்பு. ஆனால் அதில் இருப்போரில் பாதிக்கும் மேலானவர்கள் பள்ளிச் சமையலறையிலும் வகுப்பறையிலும் வேலைசெய்யும் ஆசிரியரல்லாத ஊழியர்கள். யார் கட்டினாலும் கட்டுவது அதே சிகாகோ மக்கள்தான். கடன் வாங்கிக் கட்டினால் வட்டியும் சேரும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

2025 ஜூலையில் ஏறத்தாழ 1,450 பேருக்கு வேலைநீக்க அறிவிப்பு போனது. அதில் மிகப்பெரிய கூட்டம் சிறப்புக் கல்வி உதவியாளர்கள். பள்ளிகள் திறந்தபோது துப்புரவும் மதிய உணவும் வெட்டுக்கு உள்ளாகியிருந்தன. கட்டடங்களின் மொத்தத் தேவை 1,440 கோடி டாலர், அதில் உடனே செய்தாக வேண்டியவை 310 கோடி என்று நிர்வாகத்தின் 2023 திட்ட ஆவணமே சொல்கிறது. அந்தப் பட்டியலில் பெரும்பகுதி அடுத்த ஆண்டுக்கும் அப்படியே போயிற்று.

கடனை மறுத்த வாரியம் சரியாகவே செய்தது. ஆனால் அதே பட்ஜெட், நகராட்சி ஓய்வூதியத் தொகையை டிஃப் பணம் கூடுதலாக வந்தால் தருவதாகச் சொல்லி ஒத்திவைத்தது. ஒரு தள்ளிப்போடுதலை மறுத்த கையாலேயே இன்னொன்றில் கையெழுத்திட்டது. இதை வாரியத்தின் குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் வேறு சீட்டு இல்லை. பழைய ஓய்வூதியக் கடனை, மற்ற மாவட்டங்களுக்குச் செய்வதைப் போல, இல்லினாய் அரசு தன் கணக்கில் ஏற்க வேண்டும். அந்தக் கடனை உருவாக்கிய 1995, 2010 சட்டங்கள் இரண்டும் அதன் சட்டமன்றத்தில் நிறைவேறியவை. பதிலுக்கு சிகாகோ, மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத கட்டடங்களைப் பற்றிப் பெற்றோரை அருகில் அமர்த்திப் பேசத் தொடங்க வேண்டும். 2013-ல் செய்ததுபோல் பட்டியலை முதலில் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்பது கூடாது. 2027 ஜனவரியில் 21 உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் முதன்முறையாகப் பொறுப்பேற்கும். மேயரைக் காட்டித் தப்பிக்க அதற்கு வழியிருக்காது. அது முதலில் வெளியிட வேண்டியது ஒரு சமநிலை பட்ஜெட்டை அல்ல. இதுவரை எதையெல்லாம், யார், எந்த ஆண்டுவரை தள்ளிப்போட்டார்கள் என்ற முழுக் கணக்கை.